பம்பரம் ஓட்டிய வேன்

எங்கள் மருத்துவ வேனுக்கு ஓட்டுநர் தேடியபோது, நேர்காணலுக்கு வந்தவர்களில் உட்காராமலே பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். "பரவால்ல மேடம், நின்னாதான் எனக்குப் பேச்சே வரும்" என்றாள். பேசிக்கொண்டே, மேசையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்த மின்விசிறியின் காலடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகினாள். ஆட்டம் நின்றது. அந்தச் சத்தத்தோடுதான் நாங்கள் பல காலம் வேலை பார்த்திருந்தோம். சத்தம் நின்ற பிறகு அறை யாருடையதோ போல இருந்தது.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். அக்கா வைத்தது. அப்பா லாரி ஓட்டியவர். பிள்ளை ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிறதே என்று, பள்ளி விடுமுறையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். அப்படித்தான் வண்டி கைக்கு வந்தது. பள்ளி பஸ் ஓட்டினாள், பார்சல் வண்டி ஓட்டினாள், காய்கறி லோடு ஏற்றினாள். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. யாரும் அவளைத் துரத்தவும் இல்லை. ஒரு பாதை மனப்பாடமானதும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான்.

கட்டிக்கொண்டதோ ஒரு தையற்காரரை. காலையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். "எங்க வீட்ல நடக்கற வேலை மொத்தமும் என் பங்கு, உக்கார்ற வேலை மொத்தமும் அவர் பங்கு" என்பாள். பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா சாயல், புத்தகத்தை எடுத்தால் அசையமாட்டாள்.

நான் அந்த வேனில் நர்ஸ். வீட்டு வேலைக்கென்று ஊரை விட்டு வந்து, வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருக்கும் இளம்பெண்கள்தான் எங்களிடம் வருபவர்கள். ஞாயிறு மத்தியானம் அவர்களுக்கு அரை நாள் விடுப்பு. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் கூடுவார்கள். பூங்கா வாசலில் வேனை நிறுத்துவோம். உள்ளே ஒரு படுக்கை, ஒரு திரை, இரண்டு முக்காலி, மருந்து அலமாரி. ரத்தம் குறைந்து கண் வெளுத்தவர்கள், தரை கழுவும் திராவகம் பட்டு விரலிடுக்கு வெந்தவர்கள், மாதவிலக்கு நின்றுபோய் யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்கள் என்று வந்து ஏறுவார்கள். சிலர் தலைவலி என்று வருவார்கள். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து நாடி பார்த்தாலே பாதி சரியாகிவிடும்.

அவர்களுக்குள் மாடிக் கணக்கில்தான் பேச்சு; வேலை பார்க்கும் வீடு எத்தனையாவது மாடியோ, அதுவே பெயர். "நாலாம் மாடி வந்தாச்சா? ஏழாம் மாடிக்கு இன்னிக்கு லீவு கிடைக்கலையாம்." நாங்களும் அப்படியே பழகிவிட்டோம்.

ஓட்டுநருக்கு வண்டி நின்ற பிறகு வேலை கிடையாது. சீட்டைச் சாய்த்துப் படுக்கலாம். பம்பரத்தால் அது முடியுமா? கண்ணாடி துடைப்பாள், சக்கரத்தை உதைத்துப் பார்ப்பாள், பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தேவையில்லாமல் எதையாவது முடுக்குவாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். எங்களிடம் ஆமாம், இல்லை என்று இரண்டு சொல்லில் முடிப்பவர்கள் அவளிடம் கொட்டித் தீர்ப்பார்கள். அவள் தலை எஞ்சினுக்குள் இருக்கும், முகம் பார்க்கமாட்டாள். அது அவர்களுக்கு வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வருவாள். "சிஸ்டர், அந்தப் பச்சைத் தாவணி ரெண்டு நாளா எதுவும் சாப்பிடலையாம். கேட்டா சொல்லாது. நீயா கேக்கற மாதிரி கேளு."

ஒன்பதாம் மாடிப் பெண்ணை அவள் இப்படித்தான் கண்டுபிடித்தாள். பதினெட்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. தான் பார்த்துக்கொள்ளும் குழந்தையைப் பற்றிப் பேசாமல் அவளால் இருக்க முடியாது. குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, தன்னைப் பார்த்து "க்கா" என்றது எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அன்று பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது இடையிடையே இருமியிருக்கிறாள்.

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"அது கிடக்குது பம்பரக்கா. குளிர்பெட்டித் தண்ணி ஒத்துக்கல."

"சாயங்காலம் உடம்பு சுடுதா?"

"லேசா."

பம்பரம் அவள் கையைப் பிடித்து வேனுக்குள் ஏற்றிவிட்டுத்தான் விட்டாள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், எடை பார்த்தார், சளி எடுத்து அனுப்பச் சொன்னார். வாரத்தின் நடுவில் முடிவு வந்தது. காசநோய்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அவளிடம் போன் கிடையாது. இருந்தது வீட்டுக்காரம்மாவின் எண். நான் கூப்பிட்டு, அவளை ஒரு முறை பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க. வெறும் சளி. கஷாயம் வச்சுக் குடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தறதாலதான் இதெல்லாம் வருது" என்று வைத்துவிட்டார். நோயாளியின் சம்மதம் இல்லாமல் நோயை வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாமலே விடலாம் என்றால், அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. இரண்டையும் நினைத்து டாக்டரம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "முதல்ல அந்தப் பொண்ணப் பாக்கணும். அவகிட்ட பேசணும். ஞாயிறு வரட்டும்" என்றார்.

ஞாயிறு வந்தது. ஒன்பதாம் மாடி வரவில்லை. அதே கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் வேலை செய்யும் பெண் சொன்னாள், "அவளுக்கு இனிமே லீவே கிடையாதாம். வெளியே விடக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

பம்பரம் வேனைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவள் நிழல் கதவைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே வெளிச்சம் போய்ப் போய் வந்தது. எனக்கே தலை சுற்றியது. கடைசியில் கதவுக்குள் தலையை நீட்டினாள்.

"மேடம், அவ வரலைன்னா வேன் போகக் கூடாதா?"

"போய் என்னம்மா பண்றது? வீட்டுக்குள்ள நுழைய முடியுமா?"

"வீட்டுக்குள்ள எதுக்கு? கேட்டுக்கு வெளிய ரோடு இருக்குல்ல. ரோடு எல்லாருக்கும் பொதுதானே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வரிசையில் மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்பினோம். அலுவலகத்தில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள் என்பது மூவருக்கும் தெரியும்.

உயரமான கட்டடம். இரும்புக் கேட். வாட்ச்மேன் ஓடிவந்து, "இங்க நிறுத்தக் கூடாது" என்றார்.

"அண்ணே, பெண்களுக்கு இலவசப் பரிசோதனை. உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் பம்பரம்.

"அவளுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கா. எனக்குத்தான் முட்டி வலி."

"உங்களுக்கும் பாத்துடலாம்ணே. கணக்குல சேக்காம."

வாட்ச்மேன் முட்டியைக் காட்ட ஏறிய நேரத்தில் வேனின் பக்கவாட்டுக் கதவு திறந்தது, பதாகை தொங்கியது. முதலில் வேலைக்காரப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பிறகு இலவசம் என்ற சேதி லிப்டில் ஏறிப் போயிருக்க வேண்டும், வீட்டுக்காரம்மாக்களே வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம், ஒருவருக்குத் தூக்கமில்லை. நான் அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கை ஓய்ந்துபோனேன். பம்பரம் கேட்டுக்கும் வேனுக்கும் இடையே நடந்துகொண்டே, வருகிற ஒவ்வொருவரிடமும் எந்த மாடி என்று சிரித்துக் கேட்டாள்.

"ஒன்பது" என்றார் ஒருவர், ஒற்றைத் தலைவலிக்காரர்.

பம்பரத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் திரும்பி ஒரு முறை கண் சிமிட்டினாள்.

டாக்டரம்மா அவரை நன்றாகவே சோதித்தார், தலைவலிக்கு மருந்து எழுதினார். பிறகு பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார். "வீட்ல சின்னக் குழந்தை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு டாக்டர். இப்பதான் நடக்குது."

"பாத்துக்கறது யாரு?"

"வேலைக்கு ஒரு பொண்ணு இருக்கா."

"குழந்தையத் தூக்கறவங்க யாரா இருந்தாலும் ஒரு தடவை சோதிச்சுக்கறது நல்லது. கீழ வரச் சொல்லுங்களேன், வேன் இங்கதானே இருக்கு."

அவருக்கு மறுக்க வழியில்லை. வீட்டுக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் குழந்தையோடு அவள் வந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, வீட்டுக்காரம்மாவைப் பார்த்ததும் போய்விட்டது. குழந்தையை வேன் வாசலில் நின்ற தாயிடம் கொடுத்துவிட்டுத் திரைக்குள் வந்தாள்.

டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். குணமாகிவிடும், மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், உயிருக்குப் பயமில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிடாதீங்க டாக்டர். அனுப்பிடுவாங்க. எனக்குப் போக எடமில்ல."

"நான் சொல்லமாட்டேன். உன் சம்மதம் இல்லாம சொல்லமாட்டேன்."

"அப்ப சரி."

"ஆனா குழந்தைய..." டாக்டரம்மா நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். "குழந்தையையும் சோதிக்கணும்மா. நீ தூக்கினது, முத்தம் குடுத்தது எல்லாம் இருக்கு. உன் தப்பு இல்ல. ஆனா சோதிக்காம விடக் கூடாது."

திரைக்கு வெளியே குழந்தை "க்கா, க்கா" என்று திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பிஞ்சு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. எழுந்தாள், துப்பட்டாவால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள், வெளியே போனாள். தடுக்க எங்களுக்கு நேரமே இருக்கவில்லை.

"அம்மா, எனக்கு டி.பி. இருக்குதாம். பாப்பாவுக்கும் டெஸ்ட் எடுக்கணுமாம். இப்பவே எடுத்துடுங்க."

தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். வீட்டுக்காரம்மா குழந்தையை அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார், நகர்ந்தார், கேட் இடிக்கும்வரை. அவர் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்கு இரண்டும் இருந்திருக்கும். டாக்டரம்மா அருகில் போய்ப் பேசினார். அவர் குழந்தையோடு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து லிப்ட் கீழே வந்தது. கேட்டுக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். கதவு திறந்தது, உள்ளே ஆள் இல்லை. ஒரு துணிப்பை மட்டும் நின்றது. வாட்ச்மேன் போய் அதை எடுத்துவந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவள் காலருகே வைத்தார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று மாலை முழுவதும் இடம் தேடினோம். பெண்கள் விடுதியில், மருந்து ஆரம்பித்துச் சில வாரமாவது ஆகட்டும், அதுவரை மற்றவர்களோடு வைக்க முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, இந்த நிலைக்குப் படுக்கையும் தேவையில்லை என்றார்கள். இரண்டு பதிலுமே நியாயமான பதில்கள்தான். அவள் வேனின் பின்சீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்து, வாயைக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்திருந்தாள்.

பம்பரம் சிக்னலில் திரும்ப வேண்டிய பக்கம் திரும்பவில்லை.

"எங்க போற?" என்றேன்.

"எங்க வீட்டுக்கு. வேற எங்க?"

தையற்காரர் வாசலுக்கு வந்தார். பம்பரம் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு உள்ளே போனார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். முன்னறையில் எதையோ இழுக்கிற சத்தம். மெஷினைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்தார். அதன் நான்கு கால் பட்ட இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே மெஷினை வைத்துவிட்டு, "முன்னறைக்குத்தான் ரெண்டு ஜன்னல். காத்து வரும். அந்தப் பொண்ணு அங்க இருக்கட்டும்" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "துணி தைக்க வர்றவங்க வருவாங்களோ மாட்டாங்களோ. அதுக்கு நீ ஏதும் யோசிச்சு வச்சிருக்கியா?" என்றார்.

"இல்ல."

"அதானே பாத்தேன்."

மகளை மட்டும் பம்பரத்தின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர்வு நேரம். புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் சொன்னது பம்பரத்தைக் கீறிவிட்டது. "ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் நீ அம்மா. எனக்கு மட்டும் டிரைவர்." மறுநாள் என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்கப் போனாள்.

கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து புகார் வந்தது. அலுவலகத்தில் மூவரையும் கூப்பிட்டுக் காய்ச்சினார்கள். டாக்டரம்மா பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார். பம்பரம் குறுக்கே புகுந்து, "வண்டிய ஓட்டினது நான்தான் சார், அவங்க பின்னாடி உக்காந்திருந்தாங்க, அவ்வளவுதான்" என்றாள். கொஞ்ச காலம் பம்பரத்தை ஞாயிறு வேனிலிருந்து எடுத்து, மருந்துக் கிடங்கு வண்டியில் போட்டார்கள். ஒரு நல்ல சேதியும் வந்தது. வீட்டுக்காரம்மா குழந்தையை வேறு டாக்டரிடம் காட்டியிருந்தார். குழந்தைக்கு நோய் இல்லை, முன்னெச்சரிக்கை மருந்து மட்டும். ஐந்தாம் மாடிப் பெண் மூலம் இதைத் தெரிந்துகொண்டபோது, ஒன்பதாம் மாடிப் பெண் முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாளாம்.

மாத்திரை அவளைப் பாடாய்ப் படுத்தியது. வாந்தி, மூட்டு வலி, ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர். பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். தொற்றுக் காலம் முடிந்து மகள் வீடு திரும்பினாள். இரண்டு பெண்களும் ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள், பிறகு பம்பரத்தைக் கேலி செய்வதில் சேர்ந்துகொண்டார்கள். எடை ஏறியது, இருமல் நின்றது. எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்த நேரத்தில் ஒரு நாள் காலையில் பாயும் பையும் இல்லை, அவளும் இல்லை.

நடுவில் விட்டால் இந்த நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும், இந்த மருந்துக்கும் அடங்காது. அது பம்பரத்துக்குத் தெரியும். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்கு நேர்மாறு. கை கால் எல்லாம் ஓடியது. கிடங்கு வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம், பூங்கா, வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்சி வாசல்கள் என்று அலைந்தாள். போனில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். மறுபடி கூப்பிடுவாள். "நான் ஏதாவது சொன்னேனா சிஸ்டர்? அவர் ஏதாவது சொல்லிருப்பாரா? சோத்துல குறை வச்சோமா?"

பூங்காவுக்கு வரும் ஒரு பெண்தான் துப்புக் கொடுத்தாள். ஊரின் மறுகோடியில் ஒரு சலவைக்கூடம். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மலைபோலக் குவித்துத் துவைக்கும் இடம். பம்பரம் என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். ஆவியும் சோப்பு வாசனையும் மூக்கைத் துளைத்தன. நீண்ட மேசையில் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள் அவள். எங்களைப் பார்த்ததும் உதறிய கை நின்றது.

பம்பரம் வழியெல்லாம் திட்டுவதற்குச் சொல் சேர்த்துக்கொண்டு வந்தவள். "மாத்திரை?" என்று மட்டும் கேட்டாள்.

"கொண்டு வந்தது நேத்தோட தீந்துடுச்சு."

"சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொன்னா விடமாட்டீங்க பம்பரக்கா." விரிப்பின் விளிம்பை முறுக்கிக்கொண்டே பேசினாள். "நீங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. ஆனா உக்காந்து சாப்பிட்டா எனக்குத் தொண்டைல இறங்கல. அந்த ஜன்னலையே பாத்துட்டிருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு."

நான் பம்பரத்தைப் பார்த்தேன். வெகுநேரம் அசையாமல் நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு மேசையின் மறுபக்கம் போய், விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்தாள். இருவரும் உதறி, மடித்து, அடுக்கினார்கள். அடுத்ததை எடுத்தார்கள்.

"சரி, இங்கயே இரு" என்றாள். "மாத்திரை இங்க வரும். என் முன்னாடி நின்னு விழுங்கணும், நான் பாக்கணும். முதலாளிகிட்ட டாக்டரம்மா பேசுவாங்க. ஆவி அடிக்கற மூலைல நிக்காத, வாசல் பக்கம் மாத்தித் தரச் சொல்றேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அப்படியே நடந்தது. மருந்துக் கிடங்கு வண்டி போக வேண்டிய வழியில் அந்தச் சலவைக்கூடம் இல்லை. வழி கொஞ்சம் வளைந்தது. டீசல் ஏன் கூடுதலாகப் போகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது டாக்டரம்மா நேராகவே சொன்னார், "ஒரு நோயாளி நம்மகிட்ட வர முடியல, அதனால நாம போறோம்." அதற்குப் பிறகு பூங்காவுக்கு வர முடியாத பெண்களிடம் வேனே போவது எங்கள் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. பம்பரமும் ஞாயிறு வேனுக்குத் திரும்பினாள். அந்த உயரமான கட்டடத்து வாசலிலும் மாதம் ஒரு முறை நிற்கிறோம். புகார் கொடுத்த சங்கத்தின் பெண்களே கேட்டு வாங்கிய அனுமதி அது. தலைவலிக்கார வீட்டுக்காரம்மா வருவதில்லை. அவர் வீட்டில் புதிதாக வந்திருக்கும் பெண்ணை மட்டும் அனுப்புகிறார், ஒவ்வொரு முறையும், தவறாமல்.

சலவைக்கூடத்துப் பெண் சிகிச்சையை முடித்தாள். கடைசிச் சளிப் பரிசோதனை சுத்தம். இப்போது இரண்டு தோழிகளோடு ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். சம்பளத்துக்கு முதலாளியோடு மல்லுக்கட்டுகிறாள், பம்பரத்தின் மகளோடு போனில் வம்பளக்கிறாள். குழந்தையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

பம்பரம் போன மழைக்காலத்தில் எங்களை விட்டுப் போனாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. "இந்த வேனுக்கு இப்ப எல்லா வழியும் தெரியும் சிஸ்டர், நான் எதுக்கு?" என்றாள். தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். எங்கள் புது ஓட்டுநர் நல்ல மனிதர், வேனை நிறுத்தியதும் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார். வரும் பெண்கள் முதலில் பானெட் பக்கம் பார்த்துவிட்டு, பிறகுதான் படியேறுகிறார்கள். இறங்கிப் போய் அவர்களோடு நின்று பேச நான் பழகிக்கொண்டிருக்கிறேன். கை சும்மா இருக்கும்போது என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன ஞாயிறு பூங்கா வாசலில் ஒரு தண்ணீர் லாரி நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றது. பின்னால் வண்டிகள் காது கிழிய ஹாரன் அடித்தன. பம்பரம் குதித்து இறங்கி, நெரிசலுக்குள் புகுந்து ஓடிவந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா சிஸ்டர்?"

"ரெண்டாம் மாடி ரெண்டு வாரமா காணோம்."

"எந்தக் கட்டடம்?"

நான் சொன்னேன். தண்ணீர் இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினாள். லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் அவளைத் திட்டினார்கள். அவளும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பதிலுக்குத் திட்டிக்கொண்டே போனாள்.